தோட்டத்து எல்லையில் வந்திறங்கிய அமெரிக்கா

விடியற்காலை ஐந்தரைக்குப் பினாங்கின் பெருநிலப் பக்கம் சிம்பாங் அம்பாட் சந்தியில் நின்றால் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். எங்கள் வரிசையில் குடியிருக்கும் அக்கா ஒருவர் சாமி கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டுதான் வீட்டை விட்டு இறங்குவார். பஸ் திரும்புவது தெரிந்ததும் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துவிடுவார். ஆலையில் மின்னணுச் சில்லு செய்யும் அறைக்குள் பவுடர், மை, திருநீறு எதுவும் போகக் கூடாது. ஒரு துகள் விழுந்தாலும் சரக்கு கெட்டுவிடும். "பூசினப்பவே சாமி பாத்துருச்சு தம்பி, அது போதும்" என்றார் ஒருநாள். அமெரிக்கப் பண்பாடு குறித்துத் தமிழில் எழுதப்பட்டதைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கைக்குட்டை என் கண்முன் வந்து நிற்கிறது.

எழுதப்பட்டது கொஞ்சமல்ல. வால்ட் விட்மனை வியந்து போற்றினார் பாரதி. 1937-இல் நியூயார்க்கில் புகைப்படக்கலை படித்த ஏ.கே. செட்டியார் பிறகு 'அமெரிக்க நாட்டிலே' என்று தனி நூலே எழுதினார். அவருடைய பயண எழுத்தில் எனக்குப் பிடித்தது, கண்டதை அலங்காரமில்லாமல் சொல்லும் அந்தச் சின்னச் சின்ன வாக்கியங்கள்தான். 1950-களிலும் 60-களிலும் பேர்ல் பப்ளிகேஷன்ஸ் போன்ற நிறுவனங்கள் அமெரிக்க நூல்களை மலிவு விலையில் தமிழாக்கிக் குவித்தன. பனிப்போர்க் காலத்துப் பிரச்சாரம் அதன் பின்னால் இருந்தது உண்மை. அந்த வழியாக நல்ல இலக்கியமும் நம் கைக்கு வந்தது என்பதும் உண்மை. நேரில் போய்ப் பார்த்தவர்களும் உண்டு; 1968-இல் அண்ணா யேல் பல்கலைக்கழகத்தின் அழைப்பில் போய்வந்தார்.

இந்த வரிசையில் அசோகமித்திரனுக்குத் தனி இடம் உண்டு. 1973-இல் அயோவா நகரத்து எழுத்தாளர் முகாமில் தங்கிய மாதங்களிலிருந்து 'ஒற்றன்!' பிறந்தது. பல நாட்டு எழுத்தாளர்கள் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறார்கள். குளிர், தனிமை, சாப்பாடு, சின்னச் சண்டைகள். அமெரிக்கா நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல அவர் உட்காரவில்லை. வசதி நிறைந்த ஒரு நாட்டில் மனிதன் எவ்வளவு தனியாக இருக்க முடியும் என்பது அந்தப் பக்கங்களில் தானாகத் தெரிகிறது. பத்துக் கட்டுரை சொல்லாததை அந்த மௌனம் சொல்கிறது.

ஆனால் செட்டியார், அண்ணா, அசோகமித்திரன் என இவர்கள் எல்லாருமே போய்ப் பார்த்தவர்கள். விமானமோ கப்பலோ ஏறி அமெரிக்காவுக்குப் போனவர்கள். எங்கள் ஊருக்கு அமெரிக்கா தானே வந்தது. 1972-இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் இன்டெல் ஆலை தொடங்கியது. ஏஎம்டி, ஹியூலெட் பேக்கர்ட், நேஷனல் செமிகண்டக்டர் ஆகியவையும் அதே காலத்தில் வந்தன. 1985-இல் முதல் பாலம் திறக்கும்வரை பெருநிலத்துப் பெண்கள் பெர்ரி ஏறித் தீவுக்குப் போய் வேலை செய்தார்கள். 2014-இல் இரண்டாம் பாலம் பத்து காவானில் வந்து இறங்கியது. அங்கேயே 2021-இல் லாம் ரிசர்ச் தன் ஆலைகளிலேயே மிகப் பெரியதைத் திறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புக்காகவும் பிறகு ரப்பருக்காகவும் நம்மவர்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய மண் இது. பால்மரம் நின்ற இடத்தில் இன்று சில்லு செய்கிறார்கள்.

வேலை வந்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தோட்டத்துக் கூலியை நம்பியிருந்த குடும்பங்களில் பெண்களின் கையில் முதல்முறையாகச் சம்பளக் கவர் வந்தது, பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் அதே கம்பெனிகள் தங்கள் நாட்டில் தொழிலாளிக்கு இருக்கும் உரிமையை இங்கே தர விரும்பவில்லை. 1988-இல் மின்னணுத் தொழிலாளர் சங்கம் அமைக்கலாம் என்று மலேசிய அரசு அறிவித்தது. அமெரிக்கக் கம்பெனிகள் கடுமையாக எதிர்த்தன. சில வாரங்களிலேயே, கம்பெனிக்குள் மட்டும் சங்கம் என்று அரசு சுருக்கிக்கொண்டது. அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்போ இந்தத் தொழிலாளர்களுக்காகத் தன் அரசிடமே மனுப் போட்டது. வட்டாரச் சங்கங்களுக்கு வழி பிறந்தது 2009-இல்தான். ஒரே அமெரிக்காவின் இரண்டு முகமும் தெரிந்த இந்த வரலாறு தமிழில் ஒரு நல்ல நூலாக வந்து நான் பார்க்கவில்லை. அது எனக்கு ஆறாத வருத்தம்.

அமெரிக்க வாழ்முறை மீதான ஆழமான விமர்சனம் பினாங்கில் இலக்கிய ஏடுகளுக்கு வெளியேதான் நடந்தது. கோட்டைப்பட்டினத்தில் பிறந்து சிறுவனாகப் பினாங்குக்கு வந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ், 1969-இல் உருவான பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை 2019-இல் மறையும்வரை நடத்தினார். தமிழ்நாட்டில் 'நுகர்வோர்' என்பார்கள், இங்கே 'பயனீட்டாளர்'. வாங்கித் தீர்ப்பவன் வேறு, பயனை ஈட்டுபவன் வேறு. அந்தச் சங்கத்தின் போராட்டமே இந்த வேறுபாட்டில் இருக்கிறது. சீனி, சிகரெட், புட்டிப்பால், துரித உணவு, விளம்பரம் என ஒவ்வொன்றையும் பேசியது 'பயனீட்டாளர் குரல்'. தேவையில்லாததைத் தேவை என்று நம்பவைக்கும் ஒரு வாழ்முறையைத் தோட்டத்துத் தமிழனுக்குப் புரியும் மொழியில் அது விளக்கியது. என் அப்பா அதை ஒரு வரி விடாமல் படிப்பார். படித்து முடித்ததும் டீயில் சீனியைப் பாதியாகக் குறைத்தார். அப்பாவின் கையைப் பிடித்துத் தடுத்த வேறு எழுத்து எதையும் நான் அறியேன்.

இலக்கியத்துக்குத் திரும்புகிறேன். மலேசியத் தமிழ்ப் புனைவு தோட்டத்தை மனசாரப் பாடிவிட்டது. சயாம் மரண ரயிலை அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்ன'மாக்கினார், லூனாஸ் மண்ணை ம. நவீன் 'பேய்ச்சி'யில் எழுதினார். பினாங்கிலேயே பேராசிரியராக இருந்த ரெ. கார்த்திகேசு படித்தவர்களின் மனப்போராட்டங்களை நாவலாக்கினார். ஆலை மட்டும் கதைகளின் ஓரத்தில், யாரோ ஒருத்தி வேலைக்குப் போகும் இடமாக நின்றுவிடுகிறது. ஐம்பது ஆண்டாக நம் பெண்கள் அதற்குள் இருக்கிறார்கள்.

போன வாரம் அந்த அக்காவிடம் அவருடைய அம்மாவைப் பற்றிக் கேட்டேன். அம்மா பால் வெட்டுவதை விட்டுவிட்டு 1970-களின் கடைசியில் தீவுக்கு வேலைக்குப் போனவர். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்து, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லோடு ஒட்டவேண்டும். இரவு பெர்ரியில் திரும்பும்போது பட்டர்வொர்த் விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரியுமாம்.

"அப்பல்லாம் அம்மா கண்ண மூடிக்கிட்டேதான் வருவாங்களாம். பக்கத்துல ஒரு மலாய்க்கார அக்கா கையப் பிடிச்சு இறக்கிவிடுவாங்களாம்."

அந்த மலாய்க்கார அக்காவின் பெயரைக் கேட்டேன். அம்மாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.