பல் எடுத்த பின் தரும் துண்டுச்சீட்டு: ஒரு மதிப்புரை

நூல்களுக்கும் திரைப்படங்களுக்கும் மதிப்புரை எழுதுவது வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ உள்ளங்கை அகலமுள்ள ஒரு துண்டுச்சீட்டு. கீழ்த்தாடையின் இடப்பக்க ஞானப்பல்லை எடுத்த பிறகு, பஞ்சைக் கடித்தபடி எழுந்த என் கையில் பல் மருத்துவமனையில் கொடுத்தது. அதில் பதினோரு கட்டளைகள். ஒன்றுக்காவது சரியான காரணம் சொல்லப்படவில்லை. இதற்கெல்லாம் ஒரு விமர்சனமா என்று கேட்பீர்கள். பாடநூலில் பிழையிருந்தால் மாணவனுக்கு மதிப்பெண் குறையும். இந்தச் சீட்டின் குறைகளால் நான் மூன்று இரவுகள் தூங்கவில்லை.

முதல் வரியே சறுக்குகிறது: ஞானப்பல் பயனற்றது, எல்லோரும் எடுத்துவிடுவது நல்லது என்கிறது. என் பல் சாய்ந்து முளைத்துப் பக்கத்துப் பல்லில் முட்டிக்கொண்டிருந்தது. அதை மூடிய ஈறு மடிப்பில் உணவு சிக்கி அடிக்கடி சீழ் பிடித்தது. அதை எடுத்தது சரியே. ஆனால் நோயில்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு பிரிட்டனின் மருத்துவ நெறிமுறை அமைப்பான நைஸ் 2000ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது.

பஞ்சை அரைமணி நேரம் அழுத்திக் கடிக்கச் சொல்லும் வரி நல்ல வரி. அழுத்தம் சிறு இரத்தக் குழாய்களின் வாயை மூடிவைக்கிறது. அதற்குள் இரத்தம் உறைந்துவிடும். இந்தக் காரணத்தையும் அரை வரியில் சொல்லியிருந்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பஞ்சை எடுத்துக் கண்ணாடியில் பார்க்கமாட்டோம் அல்லவா?

பற்குழியில் உறைந்து நிற்கும் அந்த இரத்தம் கழிவன்று. அடியிலுள்ள எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடும் மூடி அது. புதிய திசு ஏறி வளர்வதற்கான சாரமும் அதுவே. பதினோரு கட்டளைகளில் பெரும்பாலானவை இதைக் காப்பதற்காகவே உள்ளன. ஆனால் அதன் பெயர் சீட்டில் ஓரிடத்திலும் இல்லை! என்னுடைய முதற்குறை இதுதான்.

அடுத்து, "உப்புநீரால் அடிக்கடி கொப்புளிக்கவும்; உப்பு கிருமிகளைக் கொல்லும்" என்கிறது. எப்போது தொடங்குவது? சொல்லவில்லை. நான் அன்று மாலையே தொடங்கி, கன்னம் அதிர அதிரக் கொப்புளித்துத் துப்பினேன். 24 மணி நேரம் கழித்து, அதுவும் மெதுவாகச் செய்ய வேண்டியது அது. கிருமியைக் கொல்லும் என்பதும் கணக்கில் தேறவில்லை. அரை டீஸ்பூன் உப்பு ஏறக்குறைய 3 கிராம். 250 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால் சுமார் 1.2 சதவீதம். நரம்பில் ஏற்றும் சலைன் 0.9 சதவீதம். ஊறுகாயைக் கெடாமல் காக்க இதைப்போல் பல மடங்கு உப்பு வேண்டும். நம் கொப்புளிப்பு உணவுத் துணுக்குகளை அலசி வெளியேற்றுகிறது. அதுவே போதுமான பயன்தான்.

கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பது ஸ்டிரா தடை. 20 செ.மீ. உயரத்துக்கு நீரை உறிஞ்ச வாயில் எவ்வளவு அழுத்தம் குறைய வேண்டும்? வளிமண்டல அழுத்தம் சுமார் 1,033 செ.மீ. நீர்த்தம்பத்துக்குச் சமம், ஆகவே ஐம்பதில் ஒரு பங்குதான். தடை தவறென்று நான் சொல்லவில்லை. சில நாள் டம்ளரில் குடிப்பதால் நட்டமில்லை. ஆனால் புண் ஆறுவதற்கு அதைவிடப் பெரிய பகையான புகைப்பழக்கம் பத்தாவது வரியில், பொடி எழுத்தில், "சிகரெட் தவிர்க்கவும்" என்று ஒதுங்கி நிற்கிறது. பீடி குடிப்பவர் தம்மைச் சொல்லவில்லை என்று எண்ணிக்கொள்ளமாட்டாரா?

தலையணை பற்றி ஒரு வரியும் இல்லை. தலையை இதயத்தைவிட 20 செ.மீ. உயர்த்திப் படுத்தால் தாடையில் இரத்த அழுத்தம் ஏறக்குறைய 15 மி.மீ. பாதரசம் குறையும். செலவில்லாத வைத்தியம், இயற்பியல் ஆசிரியனுக்குக்கூட அன்றிரவு தோன்றவில்லை.

கடைசி வரிதான் என்னைக் கெடுத்தது: "வலியும் வீக்கமும் இயல்பு. பயப்பட வேண்டாம்." பாதி உண்மை. வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறிப் பிறகு வடிய வேண்டும்; வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். எனக்கு இரண்டாம் நாள் குறைந்த வலி, மூன்றாம் நாள் காதுவரை ஏறியது, வாயில் துர்நாற்றம். இயல்புதானே என்று பொறுத்திருந்தேன். ஆறாம் நாள் மருத்துவர் பார்த்தபோது குழி வெறுமையாக இருந்தது, எலும்பு தெரிந்தது. கிராஃபோர்டு என்பவர் 1896இல் உலர்குழி என்று பெயரிட்ட நிலை அது. என் கொப்புளிப்புதான் காரணம் என்று அறுதியிட முடியாது; கீழ்த்தாடை ஞானப்பல்லில் இது மற்றப் பற்களைவிட அதிகமாகவே நேர்கிறது. ஆனால் மூன்றாம் நாளே போயிருந்தால் மூன்று இரவுகள் மிஞ்சியிருக்கும். குழியைக் கழுவி, கிராம்புத் தைலம் சேர்ந்த மருந்துத் திரியை வைத்ததும் சிறிது நேரத்தில் வலி அடங்கியது.

சீட்டின் பின்புறத்தில் நான் எழுதிக் கொடுத்தது இது: "மூன்றாம் நாளுக்குமேல் வலியோ வீக்கமோ கூடினால், காய்ச்சல் வந்தால், உதட்டு மரமரப்பு மறுநாளும் நீங்காவிட்டால் உடனே வாருங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் நள்ளிரவானாலும் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள்." மருத்துவர் படித்துப் பார்த்து, அடுத்த அச்சில் சேர்ப்பதாகச் சொன்னார். பழைய சீட்டு இன்னும் இரண்டு கட்டு மீதியிருக்கிறதாம்.