இமாமாக நடித்த முதியவர்

திரைப்படம் பற்றி இவ்வேட்டில் எழுதுவதேன் என வாசகருள் சிலர் வினவக்கூடும். நம் சமுதாயத்தின் உருவம் எங்கு வரையப்பட்டாலும், அது மெய்யாக வரையப்பட்டதா என நோக்குவது திறனாய்வின் கடமை. அதனால் எழுதுகிறோம்.

1975 ஆகஸ்ட் 15-இல் வெளிவந்த 'ஷோலே' என்னும் இந்திப் படத்தில் பார்வையிழந்த இமாம் ஒருவர் வருகிறார். அம்முகம் பலருக்கு நினைவிருக்கும், பெயரறிந்தோர் சிலரே. அவர் ஏ. கே. ஹங்கல். காஷ்மீரப் பண்டிதர் குடும்பத்தவர்; சியால்கோட்டில் பிறந்து பெஷாவரில் வளர்ந்தவர். தையல் அவர் தொழில்; விடுதலைப் போராட்டமும் பொதுவுடைமை இயக்கமும் அவர் ஈடுபாடு. கராச்சியில் சிறையிருந்தபின் 1949-இல் பம்பாய் வந்தார். இப்டா என்னும் மக்கள் நாடக மன்றத்தில் பயின்று, ஐம்பது வயதையொட்டியே திரையில் தோன்றினார். 1966-இல் வெளியான 'தீஸ்ரீ கஸம்' அவருடைய தொடக்கப் படங்களுள் ஒன்று. பின்னர் 200-க்கும் மேற்பட்ட படங்களில் பெரும்பாலும் நல்ல முதியவராகவே வந்தார்.

'ஷோலே'யில் கொள்ளையர் கொன்ற மகனின் உடலைக் குதிரை ஊருக்குள் சுமந்து வருகிறது. எல்லோரும் வாயடைத்து நிற்க, அம்மௌனத்தின் காரணத்தை இமாம் கேட்கிறார். ஹங்கல் குரலை உயர்த்தவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. தடவிப் பார்த்து அறிந்துகொள்ளும் தந்தையின் நடுக்கம் மட்டுமே அங்குள்ளது. பொறுமை என நாம் போற்றும் பண்பை நடிப்பில் காட்டுவது எளிதன்று, அவர் காட்டினார்.

ஆயினும் கதையின் மீது நமக்கொரு குறையுண்டு. ஊருக்காகப் பலியாக இன்னும் மக்களை ஏன் தரவில்லை என இறைவனிடம் கேட்கப்போவதாகக் கூறி அவர் தொழுகைக்குச் செல்கிறார். ஒரு முஸ்லிம் தந்தை தன் ஊர்ப்பற்றை மகனின் மையித்தைக் கொண்டா மெய்ப்பிக்க வேண்டும்? அழுது தீர்க்கும் உரிமை அவருக்கில்லையா? அக்குறையை ஓரளவேனும் மறைப்பது எழுத்தன்று, ஹங்கலின் குரலே.

இதனோடு 1973-இல் எம். எஸ். சத்யு உருவாக்கிய 'கரம் ஹவா'வை ஒப்பிடுக. பிரிவினைக்குப் பின் ஆக்ராவில் ஸலீம் மிர்ஸாவின் குடும்பம் தன் பூர்வீக மாளிகையை இழக்கிறது. அதனைப் பெறும் சிந்தி வணிகர் அஜ்மானியாக ஹங்கல் நடித்தார். தாமும் வீடிழந்து வந்தவராதலால், அஜ்மானி மிர்ஸாவை மதிப்புடன் நடத்துகிறார். இங்கு எவரும் பற்றை மெய்ப்பிக்கவில்லை. இழந்தவரை இழந்தவர் அறிகிறார், அவ்வளவே. கராச்சியை விட்டு வந்த நடிகருக்கு இவ்வேடம் புறத்தே கற்றதன்று. இமாமினும் அஜ்மானியே உயர்ந்த படைப்பு என்பது நம் முடிபு.

2006-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 2011-இலோ மருத்துவச் செலவுக்கே வழியின்றித் தவித்தார். செய்தி பரவிய பின்னரே உதவிகள் வந்தன. 2012 ஆகஸ்ட் 26-இல் மும்பையில் மறைந்தார். 'ஷோலே'யை மீண்டும் காண நேரின், அந்த இமாமின் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோமாக. கதை எழுதுவோரிடம் ஒன்று வேண்டுவோம்: மகனைப் பலிகொடாமலேயே ஊராரில் ஒருவராக வாழும் முஸ்லிம் முதியவரையும் எழுதுங்கள்.