உப்பு ஏறிய தோல்

அமெரிக்காவின் தென் கரோலைனா கடலோரத் தாழ்நிலத்தில் மான் வேட்டை ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிடுகிறது. அந்தப் புழுக்கத்தில் தோலைக் காப்பாற்றும் கைத்திறனை எவ்வளவு மெச்சினாலும் தகும். சூடு தணியாத தோலில் பாக்டீரியா பெருகினால் மயிர்க்கால் தளர்ந்து, பாடம் செய்யும்போது முடி கொத்தாகக் கழன்றுவிடும். ஒட்டிய இறைச்சியையும் கொழுப்பையும் வழித்தெடுத்தால் மட்டும் போதாது. காதின் தோலைக் குருத்தெலும்பிலிருந்து பிரித்து உள்புறம் வெளியே வரத் திருப்ப வேண்டும். உதட்டையும் இமையையும் கிழியாமல் பிளக்க வேண்டும். எத்தனை பொறுமை! பிறகு அயோடின் கலக்காத தூள் உப்பை விளிம்புவரை அழுத்தித் தேய்க்கிறார்கள். மறுநாள், நீர் கோத்த உப்பை உதறிவிட்டுப் புது உப்பு. தலையைப் பாடம் செய்ய நினைப்பவர் மானின் தொண்டையில் கத்தி வைக்கவே கூடாது. வெட்டு தோளுக்குப் பின்னால்தான்.