உள்மடிப்பு: ஒரு சொல்லும் எமது இடம்பெயர்வு எழுத்தும்

எமது பாடசாலையில் ஏழாந்தர மாணவருக்கு இலைகளைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். கடற்கரை மணலிற் பிடுங்கி வந்த இராவணன் மீசைப் புல்லை மேசையில் வைத்து, அதன் இலை விளிம்பு உள்நோக்கிச் சுருண்டிருப்பதைக் காட்டினேன். வெயிலிலும் உப்புக் காற்றிலும் நீரை இழக்காமலிருக்கவே அது அப்படிச் சுருள்கிறது என்று விளக்கி, 'உட்சுருண்ட விளிம்பு' எனக் கரும்பலகையில் எழுதினேன். கரைவலைக்குப் போகும் ஒருவரின் மகன் எழுந்து, "சேர், மடி மாதிரியா?" என்று கேட்டான். வலையின் நடுவில் மீன் வந்து தங்கும் பையைத்தான் அவன் சொன்னான். "ஓம், அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அந்த வாரம் என் கையில் ஒரு சிறுகதைத் தொகுதியும் இருந்தது. வெளியீட்டு விழாவில் விமர்சன உரையாற்றும்படி நண்பர்கள் கேட்டிருந்தார்கள். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் கதைகள். இரண்டு இரவுகளில் வாசித்து முடித்தேன். மனதில் ஏதோ உறுத்தியது. அதற்குப் பெயர் தெரியவில்லை. அந்தப் பையனின் கேள்வியைத் தொடர்ந்து போனபோதுதான் பெயர் கிடைத்தது. ஆங்கிலத்தில் 'இன்வொலூசன்' என்பது அது. உள்ளே சுருட்டுதல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நான் இங்கு அதனை 'உள்மடிப்பு' என்று எழுதுகிறேன்.

இச்சொல் துறைக்குத் துறை வேறு பொருள் தருகிறது. பழைய எண்கணித நூல்களில் ஓர் எண்ணை அதனாலேயே திரும்பத் திரும்பப் பெருக்கி வலுவுக்கு உயர்த்துவதே உள்மடிப்பு. மூலம் காண்பதற்கு அதன் எதிர்ச்சொல்லான 'இவொலூசன்' வழங்கியது. இந்த எதிர்ச்சொல்லைத்தான் உயிரியலில் நாம் கூர்ப்பு என்கிறோம். இன்றைய கணிதத்தில் உள்மடிப்பு வேறொன்று. இருமுறை செய்தால் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து விடும் செய்கை அது. 7இன் குறியை மாற்றினால் மறை 7. மீண்டும் மாற்றினால் 7. கண்ணாடி விம்பத்தின் விம்பம் பழைய உருவே.

மருத்துவத்தில் இச்சொல் சுருங்கி மீளுதலைக் குறிக்கிறது. பிள்ளைப்பேற்றின்போது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறையுள்ள கருப்பை, ஆறு வாரங்களில் ஏறத்தாழ 60 கிராமுக்கு வந்துவிடுகிறது. எமது பெண்கள் நாற்பது நாள் என்று எண்ணுவதும் மருத்துவர் ஆறு வாரம் என்று எண்ணுவதும் கிட்டத்தட்ட ஒரே காலந்தான். கருப்பை அவ்வாறு சுருங்கத் தவறினால் இரத்தப்போக்கு நிற்காது. சங்கு, சிப்பி ஆராய்வோருக்கோ உள்மடிப்பு என்பது ஓட்டின் கடைசிச் சுற்று முந்திய சுற்றுகளை முழுவதும் மூடிக்கொள்வது. நாம் விளையாடும் சோகி அதற்கு நல்ல உதாரணம்.

சமூகவியலுக்கு இச்சொல் வந்த வழியே எழுதுவோராகிய எமக்கு முக்கியமானது. அமெரிக்க மானிடவியலாளர் கிளிபர்ட் கீர்ட்ஸ் 1963இல் யாவாவின் நெற்செய்கை பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே இச்சொல் இருக்கிறது. அங்கு சனத்தொகை பெருகியது. வேறு தொழில் இல்லை. எல்லோரும் அதே வயலுக்குள் இறங்கினார்கள். நாற்று நடுவது நுணுக்கமாயிற்று. களை எடுப்பது நுணுக்கமாயிற்று. குத்தகையும் பங்கும் சிக்கலாயின. விளைச்சல் கூடியது, ஆனால் ஆளுக்குக் கிடைத்தது கூடவில்லை. உழைப்பு உள்நோக்கி மடிந்து மடிந்து போயிற்று. வறுமையைப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்கிறார் அவர்.

இதற்கு யாவா வரை போகவேண்டியதில்லை. தென்னிலங்கையின் மாவெல்லக் கரைவலைக் கிராமத்தை ஆராய்ந்த போல் அலெக்சாந்தர் 1982இல் வெளியிட்ட நூலில் இதே வகையான நெருக்கத்தைக் காணலாம். வலைப் பங்குகள் பிள்ளைகளுக்குப் பிரிந்தன, வலைகள் பெருகின, கடற்கரையோ அதே அளவு. ஒவ்வொரு வலையும் தன் முறைக்குக் காத்திருக்கும் காலம் நீண்டது. எமது கரையிலும் ஒரு பாட்டில் வலை இழுத்த சம்மாட்டிமாரின் வீடுகளில் இக்கதையைக் கேட்கலாம்.

சீனாவில் 2020ஆம் ஆண்டளவில் இளைஞர்களின் வாயில் இதே சொல் பரவியது. உள்ளே சுருளுதல் என்பதே அவர்களது மொழியிலும் அதன் நேர்ப்பொருள். எல்லோரும் கூடுதலாக உழைக்கிறார்கள், எவரும் முன்னே போவதில்லை என்னும் சலிப்பை அவர்கள் அதனால் சொன்னார்கள். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் வகுப்பை எடுத்த எந்த ஆசிரியருக்கும் இதை விளக்கவேண்டியதில்லை. ஒரு பிள்ளை இரண்டு ரியூசனுக்குப் போனால் அடுத்த பிள்ளை மூன்றுக்குப் போகிறது. பிரபல பாடசாலையின் இடங்கள் கூடுவதில்லை. பிள்ளையின் மாலை நேரம் மட்டும் போய்விடுகிறது.

ஆனால் கீர்ட்ஸ் இச்சொல்லைத் தானாக உண்டாக்கவில்லை. அலெக்சாண்டர் கோல்டன்வைசர் என்னும் மானிடவியலாளர் 1936இல் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்துக்கொண்டார். கோல்டன்வைசர் பேசியது வயலைப் பற்றியல்ல, கலையைப் பற்றி. நியூசிலாந்து மாவோரி மக்களின் அலங்காரச் செதுக்கல்களைப் பார்த்து அவர் சொன்னதன் சாரம் இது: ஒரு கலைவடிவம் தன் முடிவான உருவத்தை அடைந்த பிறகு, அத்துடன் நின்றுவிடவும் முடியாமல், புதிய வடிவமாக மாறவும் முடியாமல், தனக்குள்ளேயே மேலும் மேலும் நுணுக்கமாகிக்கொண்டு போகலாம். அதே சில அலகுகள். அவற்றையே வைத்துச் சலியாத வேலைப்பாடு. திறமை கூடும், புதுமை இராது. மாவோரிக் கலைக்கு இத்தீர்ப்பு நியாயமானதா என்பது வேறு விவாதம். என் கையிலிருந்த தொகுதிக்கு அது மிகவும் பொருந்தியது.

இனி அந்தத் தொகுதிக்கு வருகிறேன். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியதும், புத்தளத்து ஓலைக் கொட்டிலில் படித்ததும் என் வாழ்க்கை. ஆகவே வெளியே நின்று நான் பேசவில்லை. அந்தக் கதைகளில் பூட்டிய வீட்டின் திறப்பு வருகிறது. கிணறு வருகிறது. அவிழ்த்து விடப்பட்ட ஆடு வருகிறது. உம்மாவின் மடியில் முடிந்த காசு வருகிறது. கடைசியில், திரும்பி வந்து இடிந்த சுவரைத் தொட்டு அழும் ஒரு முதியவர் வருகிறார். பெரும்பாலான கதைகள் இவற்றைக் கொண்டே பின்னப்பட்டிருந்தன. மொழி முன்னையவர்களை விட நேர்த்தியாக இருக்கிறது. திறப்பின் துரு கூட ஒரு பக்கத்துக்கு வருணிக்கப்படுகிறது. ஆனால் இருபது வருடங்களுக்கு முன் வாசித்த கதைக்கு அப்பால் நான் எதையும் புதிதாக அறியவில்லை. இக்குற்றம் எனக்கும் உண்டு. கலாசாலை மலருக்கு நான் எழுதிய ஒரேயொரு கதையிலும் ஒரு திறப்பு இருந்தது. எங்கள் வீட்டில் கதவைப் பூட்டவே இல்லை. திறந்தபடி விட்டுத்தான் வந்தோம்.

இதை விழாவில் சொன்னபோது ஒருவர் எழுந்து, "அநியாயம் தீரவில்லை மாஸ்டர், எழுத்து மட்டும் எப்படித் தீரும்?" என்று கேட்டார். மதிக்கவேண்டிய கேள்வி. மருத்துவத்தின் பொருளை வைத்து இதற்குப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பெரிய வேதனைக்குப் பிறகு உள்நோக்கிச் சுருங்கத்தான் வேண்டும். முகாம்களிலிருந்து எழுதியவர்கள் எம் இழப்பை நாட்டுக்கு அறியத் தந்தார்கள். எம்மையும் நிலைகுலையாமல் காத்தார்கள். அந்தச் சுருக்கம் இல்லாவிட்டால் இரத்தப்போக்கு நின்றிராது. ஆனால் கருப்பை சுருங்குவது இன்னொரு பிள்ளைக்கு இடமளிக்கவுந்தான். முப்பது வருடங்கள் கடந்தும் அதே ஒக்டோபரில் எம் கதைகள் நின்றால், அது ஆறுதலின் காலம் தாண்டிவிட்டது என்றே சொல்வேன்.

கணிதப் பொருளும் இங்கே ஒன்றைக் காட்டுகிறது. எம் கதைகள் மீள்குடியேற்றத்தைக் கணிதத்தின் உள்மடிப்பாக எழுதுகின்றன: வெளியேறினோம், 2009க்குப் பிறகு திரும்பினோம், எனவே தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டோம், வந்த இடம் சிதைந்திருப்பது மட்டுமே துயரம். உண்மையில் போனவர்களும் வந்தவர்களும் ஒரே ஆட்களல்லர். புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்கு மன்னார் ஊரன்று, வாப்பாவின் கதை. ஒரே குடும்பத்தில் பாதிப் பேர் அங்கும் பாதிப் பேர் இங்குமாக இருக்கிறார்கள். வாக்கு எங்கே பதிவது என்பதே வீட்டில் சண்டை. 2017 மார்ச்சில் மாவில்லுப் பேணற்காடு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, மறிச்சுக்கட்டிப் பக்கத்து மக்களுக்குத் தம் காணி ஊரா, காடா என்ற கேள்வி எழுந்தது. 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் தம்பபவனிக் காற்றாலைகள் திறக்கப்பட்டன. இப்போது பேசாலைக் கத்தோலிக்க மீனவரும் எமது மீனவரும் ஒரே கடலையும் ஒரே காற்றையும் பற்றிக் கவலைப்படுகிறார்கள். இவற்றில் ஒன்றேனும் அந்தத் தொகுதியில் இல்லை. திரும்பி வந்த முஸ்லிம் குடும்பமும், அதுவரை அக்காணியில் இருந்த தமிழ்க் குடும்பமும் வேலியருகே முதன்முதலிற் பேசிய பேச்சு எத்தனை கதைகளுக்குப் போதும்!

அந்தப் பையனின் சொல்லுக்குத் திரும்புகிறேன். மடி என்றால் தாயின் மடி, காசு முடியும் மடி, பசுவின் மடி, வலையின் மடி. வினையாக வந்தால் துணியும் மடியும், மனிதனும் மடிவான். குறளில் 'மடியின்மை' என்ற அதிகாரத்தில் அது சோம்பல். இருமடி, மும்மடி என்று பெருக்கத்தையும் அது சொல்லும். மடங்கு, மடக்கை ஆகிய கணிதச் சொற்கள் அதன் உறவினர். ஒரு சொல் மீண்டும் வந்து வேறு பொருள் தருவதை அணியிலக்கணம் மடக்கு என்கிறது. அவ்வகையில் யமக அந்தாதி பாடிய புலவர்கள் எம்மிடையேயும் இருந்தார்கள். அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகள் வெளியிட்டபோது, ஒவ்வொரு துறைக்கும் தனித்தனிச் சொல் ஆக்கப்பட்டது. பரீட்சைக்கு அது தேவை. ஆனால் இலையும் கருப்பையும் வயலும் ஒரே உருவத்தில் மடிகின்றன என்பது பிள்ளைக்குத் தெரியாமற் போயிற்று. பையன் அதைத் தானே கண்டுபிடித்தான். நானோ பாடத்தைத் தொடர்ந்தேன்.

வலையின் மடியை அறிந்தவனுக்கு அளவுகோலும் தெரியும். கரைக்கு வந்ததும் முதலில் மடியைத்தான் அவிழ்ப்பார்கள். கயிறு எவ்வளவு நீளம், எத்தனை பேர் இழுத்தார்கள் என்பதல்ல கேள்வி. மடியில் மீன் இருக்கிறதா என்பதே. இராவணன் மீசை தன் மடிப்புக்குள் நீரை வைத்திருக்கிறது. ஐந்தாந்தரப் போட்டியின் மடியைப் பிரித்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அங்கு ஒன்றுமில்லை. எம் இடம்பெயர்வு எழுத்தையும் இப்படியே அவிழ்த்துப் பார்க்கவேண்டும் என்று கேட்கிறேன். நுணுக்கம் பெரிதில்லை. வாசகன் முன் அறியாத ஒரு மனிதராவது, ஒரு பேச்சாவது, ஒரு காணித் தகராறாவது உள்ளே இருக்கவேண்டும்.

அடுத்த நாள் அந்த வகுப்புக்குப் போய், 'உட்சுருண்ட விளிம்பு' என்பதன் கீழே 'மடி' என்றும் எழுதினேன். அச்சொல்லுக்கு வேறு என்னென்ன பொருள் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். பலகை நிறைந்தது. நான் மேலே எழுதியவற்றுட் பல அவர்கள் சொன்னவை. ஒரு சிறுமி மட்டும், "எங்கட உம்மா புத்தளத்துக்குப் போனா மடி கனத்து வருவா சேர், அங்கதான் எங்கட கடை" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். இன்னும் எழுதப்படாத கதை ஒன்று அதிலேயே இருக்கிறது.