மழைப் பாலத்தை எப்படி ரசிப்பது?

விடாமல் தூறும் நாளில் மலாக்காவில் உள்ள நம் கோலா சுங்கை பாரு கழிமுகத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆறும் கடலும் வானமும் ஒரே சாம்பலாகக் கலந்துவிடும். அந்தக் காட்சி பழகிய கண்ணுக்கு ஓவியர் கமில் பிஸ்ஸாரோவின் ஓர் ஓவியம் உடனே பிடிபடும்.

அதன் பெயர் 'ரூவான் நகரின் போயல்டியூ பாலம், மழைநாள்'. 1896இல் வரைந்தது, இன்று கனடாவில், டொரோண்டோ நகரின் ஒன்டாரியோ கலைக்கூடத்தில் இருக்கிறது. பிரான்சின் சேன் ஆறு, அதன்மேல் கட்டிப் பத்தாண்டுகூட ஆகாத இரும்புப் பாலம், படகுகள், புகை. இவைதான் படம்.

முதலில் தள்ளி நின்று பாருங்கள். கைப்பேசியில் என்றால் கையை நீட்டிப் பிடியுங்கள். சாய்வாக ஓடும் பாலம் உங்களை அக்கரைக்கு இழுத்துப் போகும். மேலிருந்து பார்ப்பதுபோல் இருக்கிறதல்லவா? கண் நோயால் வெளியே காற்றில் நின்று வரைய முடியாத பிஸ்ஸாரோ, விடுதி ஜன்னலருகே அமர்ந்து வரைந்தார். அப்போது அவருக்கு வயது 65.

அடுத்து, நெருங்கி வந்து பாலத்தில் நடக்கும் ஒருவரை மட்டும் பாருங்கள். முகம் இருக்காது. கறுப்பாக ஒரு சின்னத் தீற்றல், அவ்வளவுதான். மறுபடி தள்ளிப் போனால் அதே தீற்றல் நடக்கத் தொடங்கும். இம்ப்ரெஷனிசம் என்ற இந்த ஓவியப் பாணியில் மிச்ச வேலையை நம் கண்ணுக்கே விட்டுவைப்பார்கள்.

மூன்றாவதாக, சாம்பல் நிறத்தில் நிதானமாகத் தங்குங்கள். கொஞ்ச நேரத்தில் நீலமும் ஊதாவும் பச்சையும் தனித்தனியே தெரியும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அதே ரூவானில் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஓவியர் மோனே புகழ்பெற்ற தேவாலயத்தைத் திரும்பத் திரும்ப வரைந்திருந்தார். பிஸ்ஸாரோ அந்த ஓவியங்களைக் கொண்டாடியவர். ஆனாலும் ஈரப் பாலமும் வண்டிகளும் கரையில் உழைப்பவர்களும் புகையும்தான் தன்னை மிகவும் ஈர்க்கின்றன என்று மகன் லூசியனுக்கு எழுதினார். கரீபியத் தீவொன்றில் பிறந்து, துறைமுகத்தில் குடும்பக் கடை வேலைக்கிடையே படம் போட்டுப் பழகிய கை அது.

ரூவானுக்குத் தேவாலயம் போல, மலாக்கா என்றால் எல்லாரும் சிவப்புக் கட்டடத்தைத்தான் படமெடுக்கிறார்கள். அடுத்த மழையில் நம் ஆற்றோரம் போய் நில்லுங்கள். கண்ணைச் சற்றுச் சுருக்கி, படகில் வலையை இழுக்கும் ஒருவரைப் பாருங்கள். அவரும் ஒரு தீற்றலாகத் தெரிவார். அந்த ஒரு தீற்றலில்தான் இந்த ஊரின் உயிர் இருக்கிறது.