விளையாட்டின் வாடகை: கன்சோல் சந்தாக்கள் பற்றிச் சில குறிப்புகள்

1

விளையாட்டுப் பெட்டிக்குச் சந்தா கட்டலாமா வேண்டாமா என்பதெல்லாம் ஒரு சிறுபத்திரிகை விவாதிக்க வேண்டிய விஷயமா எனச் சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். 'அது வசதியான வீட்டுப் பிள்ளைங்க சமாச்சாரம், நமக்கெதுக்குங்க' என்பார்கள். கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிற எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் கொண்டுவந்த பெட்டிகளும் செகண்ட் ஹேண்டில் வாங்கியவையும் இங்கேயும் உண்டு. பொருளை ஒருமுறை வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்வது போய், அனுமதியை மாதாமாதம் வாங்குவது என்கிற உறவுக்கு ஒரு தலைமுறை பழக்கப்படுத்தப்படுவது முதலில் விளையாட்டில்தான். உழைக்கிற இடத்தைப் பற்றி நாம் எழுதிய அளவுக்கு விளையாடுகிற இடத்தைப் பற்றி எழுதியதில்லை.

2

எங்கள் தெருப் பையன் ஒருவன் கேட்டான்: 'அண்ணே, இந்த பிளஸ் போடலாமா? காசுக்கு ஏத்த மாதிரி இருக்குமா?' யாருடன் விளையாடப் போகிறான் என்று கேட்டேன். 'சித்தப்பா பையன் சிங்கப்பூர்ல இருக்கான்ல, அவன்கூடத்தான்.'

இதில் யார் யார் எதற்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். பெட்டிக்கு இருவரும் தனித்தனியே விலை கொடுத்தாயிற்று. கால்பந்து விளையாட்டுக்கும் அப்படியே. இணையத்துக்கு இருவரும் மாதாமாதம் கட்டுகிறார்கள். இதற்கு மேலும், இருவரும் சேர்ந்து ஆட, இருவருமே தனித்தனியாகச் சந்தா கட்டியாக வேண்டும். ஒரே ஆட்டம், இரண்டு பக்கமும் வசூல்.

'காசுக்கு ஏற்றதா?' என்கிற கேள்வியை நிறுவனங்கள் விரும்புகின்றன. மாதம் சில விளையாட்டுகள், தள்ளுபடி, கிளவுட் சேமிப்பு என ஒரு கூடையை முன்வைத்து, கூட்டிப் பார்த்துக்கொள் என்கின்றன. கூட்டினால் மலிவாகத்தான் தெரியும். குடும்பத்தோடு இரண்டு முறை சினிமாவுக்குப் போகிற செலவோடு ஒப்பிட்டால் இன்னும் மலிவு. ஆனால் கூடையில் இருப்பதைப் பற்றிப் பேசவைத்து, பூட்டியிருப்பதைப் பற்றிப் பேசாமலாக்குவதுதான் இந்தச் சொல்லாடலின் வேலை.

3

வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். எக்ஸ்பாக்ஸ் லைவ் 2002 நவம்பரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 50 டாலர் என்று தொடங்கியது. சோனியின் பிளேஸ்டேஷன் 3-இல் இணையத்தில் சேர்ந்து விளையாடக் கட்டணம் இல்லை. 2013இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது அதற்கு பிளஸ் சந்தா கட்டாயமாயிற்று. நின்டென்டோ 2018 செப்டம்பரில் அதே வழிக்கு வந்தது.

'சர்வருக்குச் செலவு ஆகாதா?' என்பது நியாயமான கேள்வி. ஆகும்தான். கணினி விளையாட்டுகளுக்கான ஸ்டீம் கடைக்கும் அந்தச் செலவு உண்டு. அது தன் கடையில் விற்பவற்றில் எடுக்கும் கமிஷனில் அதைச் சமாளிக்கிறது. சேர்ந்து விளையாடத் தனிக்கட்டணம் கேட்பதில்லை. கன்சோல் நிறுவனங்களோ கமிஷனையும் எடுத்துக்கொண்டு சந்தாவையும் வாங்குகின்றன. கணினிக்காரர்களிடமும் இந்தக் கட்டணத்தை வாங்க மைக்ரோசாஃப்ட் 2007இல் முயன்றது. அவர்களுக்கு வேறு வழிகள் இருந்தன. 2008 ஜூலையில் கட்டணம் கைவிடப்பட்டது. ஆக, கட்டணத்தைத் தீர்மானிப்பது செலவு அல்ல; எதிரில் இருப்பவனுக்கு வேறு வழி உண்டா இல்லையா என்பதே.

4

'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் நில வாடகையை விளக்க மார்க்ஸ் ஓர் அருவியை எடுத்துக்கொள்கிறார். அருவியின் விசையால் ஆலை ஓடுகிறது. ஆலைக்காரருக்குக் கூடுதல் லாபம். அந்தக் கூடுதல் நிலச் சொந்தக்காரருக்கு வாடகையாகப் போகிறது. அவர் அருவியை உண்டாக்கவில்லை. மறிக்க அவரால் முடியும், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் இதைப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகீர் முறை இருந்தது. உழுதவர்கள் ஜாகீர்தார்களுக்குச் செலுத்த வேண்டியிருந்தது. மலைமக்கள் பட்ட துன்பத்தை விளையாட்டோடு ஒப்பிடுவது அபத்தம். நான் ஒப்பிடுவது வசூலின் வடிவத்தை மட்டுமே.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஓர் உதாரணம்: பிளேஸ்டேஷன் 4-இல் நாம் விளையாடிச் சேமித்ததை யுஎஸ்பி-யில் நகலெடுத்துக்கொள்ள முடிந்தது. பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளுக்கு அந்த வழி இல்லை. சந்தா கட்டினால் கிளவுடில் வைத்துத் தருகிறார்கள். முதலில் வழியை அடைப்பது, பிறகு அதையே 'வசதி' என்று கூடையில் வைப்பது. மாதாமாதம் 'இலவசமாக' வந்த விளையாட்டுகளும் சந்தா நின்றால் திறக்காது.

கட்டிக்கொண்டே இருந்தாலும் உத்தரவாதம் இல்லை. பழைய எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்கான சேவை 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. 'ஹேலோ 2' ஆடிய சிலர் பெட்டியை அணைக்காமல் உள்ளேயே இருந்துவிட்டார்கள். அணைத்தால் மறுபடி நுழைய முடியாது. கடைசி ஆள் மே மாதத்தில்தான் துண்டிக்கப்பட்டார். அந்த ஆட்டங்கள் ஓடியது விளையாடுபவர்களில் ஒருவரின் பெட்டியிலேயே என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இங்கே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. எந்த ஆலையானாலும் விவசாயி முதலில் கரும்பைக் கொடுக்கிறார், பிறகு பணத்துக்குக் காத்திருக்கிறார். 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி என்கிறது 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. அப்படியும் நிலுவைக்காகத் தமிழக விவசாயிகள் தெருவில் இறங்க வேண்டியிருந்திருக்கிறது. சந்தாவில் வரிசை தலைகீழ்: பணம் முன்னால், சேவை பின்னால். இரண்டிலும் சின்னவன்தான் பெரியவனை நம்பியாக வேண்டியிருக்கிறது.

5

அப்படியானால் கட்டவே கூடாதா? அப்படியெல்லாம் சொல்ல மாட்டேன். தனியாகவோ ஒரே டிவி முன் இருவராகவோ ஆடுகிறவர்களுக்குச் சந்தா தேவையில்லை. ஃபோர்ட்நைட் போன்ற இலவச விளையாட்டுகளுக்கும் தேவையில்லை. தூரத்தில் இருக்கிற உறவோடு, விலை கொடுத்து வாங்கிய விளையாட்டை ஆட வேண்டுமென்றால் வேறு வழி கிடையாது. அந்தப் பையனிடம் சொன்னது இதுதான்: லீவு நாளில் ஒரு மாதத்துக்கு மட்டும் போடு, தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவை, பள்ளிக்கூடம் திறந்ததும் விட்டுவிடு.

இது தனிமனிதத் தந்திரம் மட்டுமே. 2021 ஜனவரியில் எக்ஸ்பாக்ஸ் லைவ் கட்டணத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குவதாக அறிவிப்பு வந்தது. விளையாடுபவர்கள் ஒரே குரலில் எதிர்த்ததும் அன்றைக்கே அது திரும்பப் பெறப்பட்டது. இலவச விளையாட்டுகளுக்குச் சந்தா கேட்பதும் அந்த ஏப்ரலில் நின்றது. 2023 செப்டம்பரில் பிளஸ் ஆண்டுச் சந்தா 59.99 டாலரிலிருந்து 79.99 ஆனபோது முணுமுணுப்போடு எல்லாம் முடிந்தது, விலை இறங்கவில்லை.

பணம் வைத்து ஆடுவதைக் கட்டுப்படுத்தும் 2022ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் 2025ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் சந்தாவைத் தடுக்கவில்லை. சந்தா சூது அல்ல என்பது சரிதான். சூது அல்லாத சுரண்டலைப் பேசுவதற்கான மொழியை நாம்தான் உருவாக்க வேண்டும். குறைந்தபட்சம் இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கலாம்: சேர்ந்து விளையாடும் உரிமையைக் கூடையிலிருந்து பிரித்து, விளையாட்டின் விலையிலேயே சேர்க்க வேண்டும், நாம் விளையாடிச் சேமித்ததை நாமே நகலெடுத்துக்கொள்ள விட வேண்டும். மற்றவற்றை நண்பர்கள் விவாதிக்கலாம்.