பதிவாகாத பாதி

கடந்த சில வருஷங்களாக நம் இலக்கியப் பேச்சில் ஒரு புதுவகைத் தன்னம்பிக்கை தெரிகிறது. ஹெகலைப் பற்றியும் தெரிதாவைப் பற்றியும் சரளமாகப் பேசுகிறோம். எந்தப் புத்தகத்தில், எந்த இடத்தில் என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. இந்தத் தன்னம்பிக்கை படித்ததிலிருந்து வந்ததல்ல, கேட்டதிலிருந்து வந்தது. இணையத்தில் காணக் கிடைக்கும் பல்கலைக்கழக விரிவுரைகளே இதன் ஊற்று. அவற்றைப் பழிப்பது என் நோக்கமில்லை. அவற்றை விமர்சனத்துக்கு உட்படுத்தாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதே என் புகார்.

முதலில் கடனை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். 2007 டிசம்பரில் யேல் பல்கலைக்கழகம் தன் வகுப்பறை விரிவுரைகளைப் படம்பிடித்து இலவசமாக வெளியிடத் தொடங்கியது. அரசியல் தத்துவத்துக்கு ஸ்டீவன் ஸ்மித், அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு டேவிட் பிளைட், நவீன கவிதைக்கு லாங்டன் ஹாமர், தாந்தேக்கு ஜுஸெப்பே மஸோட்டா. இவர்களில் எவரும் மேடைப் பேச்சாளர் இல்லை. தங்கள் மாணவர்களுக்காகப் பேசுகிறார்கள். கேமரா அதை ஒட்டுக்கேட்கிறது, அவ்வளவுதான். நோட்ஸை மனப்பாடம் செய்தே பி. ஏ. ஆங்கிலம் தேறிய என் போன்றவர்களுக்கு, ஒரு கவிதையின் முன் ஒரு பேராசிரியர் யோசித்து நிற்பதைக் காண்பதே ஒரு கல்வி.

ஆனால் எந்த வகையான கல்வி?

பால் ஃப்ரை 2009ல் நடத்திய இலக்கியக் கோட்பாட்டு வரிசையை எடுத்துக்கொள்வோம். 26 விரிவுரைகள். கோட்பாடுகளைப் பொருத்திக் காட்ட அவர் கையில் எடுப்பது, டோனி என்ற இழுவை லாரியைப் பற்றிய ஒரு சின்னக் குழந்தைக் கதை. பிறருக்கு உதவும் டோனி ஒருநாள் தானே சிக்கிக்கொள்கிறது. ஒரு வண்டி அழுக்காகிவிடுமே என்கிறது. இன்னொன்று நேரமில்லை என்கிறது. மூன்றாவது வந்து உதவுகிறது. அமைப்பியல், உளப்பகுப்பாய்வு, மார்க்ஸியம் எல்லாம் இந்தக் கதையின் மேல் வரிசையாக வந்து போகின்றன. போதனை என்ற அளவில் சிறந்த யுக்திதான். ஆனால் டோனி எதிர்ப்பதில்லை. எந்தக் கோட்பாடு வந்தாலும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. கோட்பாட்டின் சக்தியை அதனால் காட்ட முடியும்; எல்லையைக் காட்ட முடியாது.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையின் முன் அதே கோட்பாடுகளை நிறுத்திப் பாருங்கள். பிரமநாயகம் பிள்ளையின் ஜவுளிக்கடை உத்தியோகத்தையும் வறுமையையும் வர்க்கம் என்ற சொல்லால் அள்ளிவிடலாம். நோயாளி மனைவிக்கு அவர் செய்கிற பணிவிடையில், அன்பென்றும் அலுப்பென்றும் பிரிக்கமுடியாமல் கிடக்கிறதே ஒன்று, அதை எந்தச் சொல்லால் அள்ளுவது? விமர்சனம் ஆரம்பமாகும் இடம் அது. அறிமுக விரிவுரை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது, முடியத்தான் வேண்டும். அதன் வேலை அவ்வளவே. அந்த அளவோடு நின்றுவிட்டு, விமர்சனம் கற்றுவிட்டதாக நாம் நினைப்பதில்தான் பிரச்னை.

யேலில் பெரிய விரிவுரை வகுப்புகளை ஒட்டி, சிறு குழுக்களாக விவாத வகுப்புகள் நடப்பது வழக்கம். மாணவன் அங்கே வாய் திறந்தாக வேண்டும். கட்டுரை எழுதி, அது சிவப்புக் கோடுகளோடு திரும்பி வருவதைப் பார்த்தாக வேண்டும். அந்தப் பாதி பதிவாகவில்லை. நமக்குக் கிடைத்திருப்பது வரவுப் பக்கம் மட்டும் உள்ள ஒரு பேரேடு.

ஹார்வர்டின் மைக்கேல் சாண்டெல் நீதியைப் பற்றி நடத்திய வகுப்பில் மாணவர்கள் பேசுகிறார்களே என்று கேட்கலாம். 12 பகுதிகளாக 2009ல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியிலும் வந்தது அது. ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவனைப் பலியிடலாமா என்ற கேள்விக்கு ஒருவன் எழுந்து பதில் சொல்கிறான், மற்றவள் மறுக்கிறாள். பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத் தானே வாதாடிய திருப்தி. வாதாடியது யாரோ, மடக்கப்பட்டதும் யாரோ. மடக்கப்படாமல் யாரும் சிந்திக்கக் கற்றதில்லை.

இந்த வகுப்பின் இணைய வடிவத்தைப் பயன்படுத்த 2013ல் சான் ஹோஸே மாநிலப் பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறையினர் மறுத்தார்கள். சாண்டெலுக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். வசதியுள்ள இடத்தில் மாணவனுக்கு எதிரே பேராசிரியர் இருப்பார், மற்ற இடங்களில் அவருடைய படம் ஓடும். இப்படி இரண்டு ஜாதிப் பல்கலைக்கழகங்கள் உருவாகும் என்பது அவர்கள் பயம். தன் விரிவுரைகள் பிற இடத்து ஆசிரியர்களைப் பலவீனப்படுத்தப் பயன்படுவதில் தனக்குச் சம்மதமில்லை என்று சாண்டெலும் பதில் சொன்னார். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட உண்மை ஒன்று உண்டு: படம் ஆசிரியராகாது.

இது கேட்பவனின் நஷ்டம் மட்டுமல்ல. ஃபூக்கோவின் விரிவுரைகளுக்குப் பாரிஸில் கூட்டம் நிரம்பி வழிந்தது. மேஜைமேல் ஒலிப்பதிவுக் கருவிகள் குவிந்தன. 1976 ஜனவரியில் அவர் வகுப்பைக் காலை வேளைக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவு கூட்டத்தில் கேட்பவர்களோடு எந்த உறவும் இல்லை என்பது அவர் குறை. எதிர்ப்பேச்சு இல்லாத பேச்சு, பேசுகிறவனையும் தனிமைப்படுத்துகிறது.

நம் பல்கலைக்கழகங்களில் அந்த மற்றப் பாதி என்றும் இருந்ததாக நான் நம்பவில்லை. அது இருந்தது சிறுபத்திரிகையில்தான். 1959ல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' முதல், ஒருவர் எழுத மற்றவர் மறுக்க, அச்சில் பெயரோடு நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நிர்ப்பந்தத்தை நாம் இன்று கைவிட்டுக்கொண்டிருக்கிறோம். 26 விரிவுரைகளையும் பார்த்த நண்பர், ஃப்ரை எங்கே நழுவுகிறார் என்று இரண்டு பக்கம் எழுதட்டும். இன்னொருவர் அதை மறுக்கட்டும். அதற்குப் பிறகு தெரிதாவைப் பற்றிப் பேசலாம்.